பழைய கெர்னலைத் தூக்கிப் போடாதீங்க சாமியோவ்!

டிஸ்கி: இது பொட்டி தட்டுற மேட்டர். கவிதை, சினிமா விமர்சனம்னு நெனச்சு வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன். ஆனா நடுவுல ஒரு பனியன் கம்பெனி, ஒரு அக்கவுண்டண்ட், ஒரு சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் வருது. அதுக்காகவாவது படிச்சுப் பாருங்க :-)

போன வாரம் ஆபீஸ் ஜூனியர் பையன் ஒருத்தன் சாட்ல வந்தான். "அண்ணா, ரூட் பார்ட்டிஷன் ஃபுல்லு. கெர்னல் இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது. கெர்னல்.ஓல்டைத் தூக்கிடவா?"

இந்த மாதிரிக் கேள்வியை யாரும் யோசிச்சுட்டுக் கேட்க மாட்டாங்க. எண்டர் கீ மேல விரலை வச்சுக்கிட்டுத்தான் கேட்பாங்க. "டேய், முதல்ல கையை எடு"ன்னு பதில் அடிச்சுட்டு, போனைப் போட்டு அரைமணி நேரம் பேசினேன். பாதி டெக்னிக்கல், மீதி என் சொந்த சோகக்கதை. அதைத்தான் இங்க கொட்டப் போறேன்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். ரூட்ல இடம் பத்தலைன்னா எதை வேணா அழிங்க. டீபக் சிம்பலை அழிங்க, மாட்யூலை அழிங்க, ரூட் யூசர் இறக்கி வச்ச டார் பால் எல்லாத்தையும் அழிங்க. கடைசியா பூட் ஆன கெர்னலை மட்டும் தொடாதீங்க. நம்ம ஆளுங்க இதை அப்படியே தலைகீழாத்தான் செய்யறாங்க. இடம் இல்லன்னதும் முதல்ல கண்ணுல படறது 'ஓல்ட்'னு பேர் வச்ச அந்தப் பாவப்பட்ட டைரக்டரிதான்.

நான் பேசறது ஃப்ரீபிஎஸ்டி பத்தி. லினக்ஸ்காரங்க கோவிச்சுக்க வேண்டாம், உங்க கதையும் கீழ வருது. ஃப்ரீபிஎஸ்டில கெர்னலை சோர்ஸ்ல இருந்து கட்டுறது பெரிய வித்தை எல்லாம் இல்ல. கான்ஃபிக் ஃபைலைத் திருத்தி, 'மேக் பில்ட்கெர்னல்', அப்புறம் 'மேக் இன்ஸ்டால்கெர்னல்'. முதல் கட்டளை மணிக்கணக்கில ஓடி நிறைய இடம் சாப்பிடும். ஆனா அது சாப்பிடறது /யூஎஸ்ஆர்/ஆப்ஜ் பக்கம், ரூட்ல இல்ல. ரூட்டுக்கு வேட்டு வைக்கிறது ரெண்டாவதுதான். இந்த வித்தியாசம் தெரியாம, பில்ட் ஓடறதுக்கு முன்னாடியே ரூட்டைக் காலி பண்ணிட்டு உக்காந்திருந்தவங்களையும் பார்த்திருக்கேன்.

ரூட் ஏன் இவ்ளோ சின்னதா இருக்குன்னு கேக்கலாம். அது பரம்பரை வியாதி. 1970-களோட ஆரம்பத்துல பெல் லேப்ஸ்ல பிடிபி-11-ல யூனிக்ஸ் எழுதினப்போ ஒரு டிஸ்க்ல சில மெகாபைட்தான். முதல் டிஸ்க் நிறைஞ்சதும் மிச்சத்தை ரெண்டாவது டிஸ்க்குக்குத் தள்ளினாங்க, அதுதான் /யூஎஸ்ஆர். அப்புறம் பிசி காலத்துல பழைய பயாஸ் 1024 சிலிண்டருக்கு மேல இருக்கிறதைப் படிக்காதுங்கிறதால, ரூட்டை டிஸ்க்கோட முன்பக்கத்துல சின்னதா ஒதுக்கினாங்க. அதுல நல்லதும் உண்டு. லாக் ஃபைல் பெருத்து /வார் வெடிச்சாலும் ரூட் பத்திரமா இருக்கும். கரண்ட் போய் வந்தா சின்ன ரூட்டை எஃப்எஸ்சிகே நொடியில பார்த்து முடிச்சிடும். சிங்கிள் யூசர்ல ஏறி மிச்சத்தைச் சரி பண்ணிக்கலாம். ஃப்ரீபிஎஸ்டியோட பழைய இன்ஸ்டாலர் சிஸ்இன்ஸ்டால்ல, 6, 7 வரிசைக் காலத்துல, 'ஏ' அழுத்தினா ரூட்டுக்கு 512 எம்பி தானாவே போட்டுக் குடுத்துடும். 2012 ஜனவரியில 9.0 வந்தப்போ புது இன்ஸ்டாலர் வந்து, எல்லாத்தையும் ஒரே பெரிய பார்ட்டிஷனாப் போட ஆரம்பிச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடி போட்ட மெஷின்கள் சாகலையே! ஃப்ரீபிஎஸ்டி பொட்டிங்க சாகாதுங்க, அதுதான் பிரச்சினையே.

சரி, இப்போ கொசுவத்தி சுத்திக்கோங்க.

வருஷம் 2021. திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனி. அவங்க ஆபீஸ்ல ஒரு சர்வர். 2009-ல எங்க சீனியர் ஒருத்தர் 7 வரிசை ஃப்ரீபிஎஸ்டி போட்டு வச்சது. ஃபயர்வாலும் அதுதான், ஃபைல் சர்வரும் அதுதான். பீஸ் ரேட் கணக்கு, வாரச் சம்பளக் கணக்கு எல்லாம் அதுக்குள்ளதான். சீனியர் அதை வருஷாவருஷம் சோர்ஸ்ல இருந்தே மேல ஏத்திக்கிட்டு வந்தார், 8, 9, 10, 11 வரைக்கும். ரூட் மட்டும் அதே 512 எம்பி. அவர் வேற ஊருக்குப் போனதும் மெஷின் என் தலையில விழுந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. தெரியாததே இல்லைங்கிற வயசு.

அந்த செப்டம்பரோட 11 வரிசைக்கு சப்போர்ட் முடியுது. 12.2-க்கு ஏத்தணும். ரெடிமேட் கெர்னல் போதும்னா ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஓட்டிட்டுப் போயிருக்கலாம். ஆனா பேண்ட்வித்தைப் பங்கு போடறதுக்கு ஆல்ட்க்யூ வேணும், அது 12-ஓட ஜெனரிக் கெர்னல்ல கிடையாது. அதனால கட்டியே ஆகணும். வெள்ளிக்கிழமை ராத்திரி, சென்னையில என் ரூம்ல இருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு உக்காந்தேன். (ஆமா, வெள்ளிக்கிழமை ராத்திரி. சிரிக்காதீங்க.)

புது ஜெனரிக் ஃபைலை எடுத்து எனக்குப் புரியாத வரி எல்லாத்தையும் கமெண்ட் பண்ணினேன். நீளமா ரெய்டு கன்ட்ரோலர் பட்டியல் ஒண்ணு இருந்தது. "நம்மகிட்ட சாதா சாட்டா டிஸ்க்தானே"ன்னு மொத்தமா சரக். கெர்னல் சின்னதாகும், ரூட்ல இடம் மிச்சமாகும்னு கணக்கு. இந்தக் கணக்கே தப்புன்னு அப்போ தெரியாது. கான்ஃபிக்ல ஒரு டிவைஸ் வரியை எடுத்தா கெர்னல் ஃபைல்ல கொஞ்சம்தான் குறையும். அதே டிரைவர் தனி மாட்யூலா எப்படியும் கட்டப்பட்டு, /பூட்/கெர்னலுக்குள்ள வந்து உக்காந்துடும். முன்வாசல்ல துரத்தினா கொல்லைப்புறமா வர்ற கதை.

இன்ஸ்டால்கெர்னல் ஓடுது. மாட்யூல் ஒண்ணு ஒண்ணாக் காப்பியாகுது. பட்டியல் கடைசிக்கு வர்ற நேரத்துல "ஃபைல் சிஸ்டம் ஃபுல்". டிஎஃப் போட்டுப் பார்த்தா 108 சதவீதம். நூத்துக்கு மேல எப்படின்னு முழிக்காதீங்க. யூஎஃப்எஸ் 8 சதவீத இடத்தை ரூட் யூசருக்குன்னு ஒதுக்கி வைக்கும், அதையும் தின்னா இப்படித்தான் காட்டும்.

/பூட்ல எல்எஸ் அடிச்சேன். மூணு டைரக்டரி. கெர்னல், கெர்னல்.ஓல்ட், அப்புறம் கெர்னல்.குட்.

இப்போ நீங்களே சொல்லுங்க. ராத்திரி பதினொண்ணரை மணி. ஒண்ணோட பேர் 'பழசு', இன்னொண்ணோட பேர் 'நல்லது'. எதை அழிப்பீங்க? அதேதான். ஆர்எம் -ஆர்எஃப், கெர்னல்.ஓல்ட் காலி. அதோட விட்டேனா? இனிமே இந்தத் தொல்லையே வரக்கூடாதுன்னு கேஎல்டிஸ்டாட் போட்டு, லோடு ஆகியிருக்கிற மாட்யூல்களை மட்டும் எழுதி, மாட்யூல்ஸ் ஓவர்ரைட்ல போட்டு மறுபடி கட்டினேன். இன்ஸ்டால் வெண்ணெய் மாதிரி முடிஞ்சது. ரீபூட் குடுத்தேன். பிங் போட்டு உக்காந்தேன்.

பிங் வரலை. காபி போட்டுக் குடிச்சேன். வரலை. ஒண்ணரை மணிக்கும் வரலை.

காலையில ஆறு மணிக்கு அக்கவுண்டண்டை எழுப்பினேன். பாவம், தலைக்குக்கூட குளிக்காம ஓடிப் போய் மானிட்டரை மாட்டினார். "தம்பி, கருப்பா இருக்குதுங்க. என்னமோ வரிவரியா ஓடிட்டு கடைசில நிக்குதுங்க. எம், ஓ, யூ, என், டி... அப்புறம் ஆர், ரெண்டு ஓ, டி. நான் எதாச்சும் அழுத்தட்டுங்களா?"

மவுண்ட்ரூட். கெர்னல் எழுந்துடுச்சு, ரூட் டிஸ்க் எங்கன்னு அதுக்குத் தெரியலை. கேள்விக்குறி அழுத்தச் சொன்னேன், கண்டுபிடிச்ச டிஸ்க்கை எல்லாம் பட்டியல் போடும். "ஒண்ணும் வரலைங்க தம்பி, சிடி-னு மட்டும் ஒண்ணு காட்டுது." அப்பத்தான் உறைச்சது. அந்த சாட்டா டிஸ்க் ரெண்டும் எம்எஃப்ஐ டிரைவர் கேக்கிற ஒரு ரெய்டு கார்டுக்குப் பின்னாடி இருக்கு. நான் சரக்குன்னு வெட்டினதுல அதுவும் போச்சு. மாட்யூலா இருந்திருந்தா லோடர்ல நின்னு 'லோட் எம்எஃப்ஐ'ன்னு அடிச்சாப் போதும், லோடர் பயாஸ் வழியா டிஸ்க்கைப் படிக்கும், அதுக்கு டிரைவர் தேவையில்ல. ஆனா கேஎல்டிஸ்டாட் லிஸ்ட்ல எம்எஃப்ஐ எப்படி வரும்? பழைய கெர்னலுக்குள்ளயே அது கட்டப்பட்டிருந்ததால தனி மாட்யூலா லோடு ஆகவே இல்லையே. மாட்யூல் பட்டியலை வெட்டப் போறவங்க இந்த ஒரு இடத்துல சூதானமா இருங்க.

கெர்னல்.ஓல்ட் இருந்திருந்தா? பூட் மெனுல கெர்னல்னு ஒரு வரி இருக்கும். அந்த எண்ணை ஒரு தட்டு தட்டினா கெர்னல்.ஓல்டுக்கு மாறும். எண்டர். அவ்ளோதான். அக்கவுண்டண்டே செஞ்சிருப்பார், ஆறேகால் மணிக்கு வீட்டுக்குப் போய்க் குளிச்சிருப்பார்.

"கெர்னல்.குட் இருக்கே"ன்னு கேப்பீங்க. அந்த நல்லவர் யாருன்னா, 2011-ல சீனியர் எடுத்து வச்ச 8.2 கெர்னல். 8 வரிசைக் கெர்னல் மேல 11 வரிசை யூசர்லேண்ட் ஓடும்னு நம்ப முடியாது. புதுக் கெர்னல் மேல பழைய யூசர்லேண்ட் ஓடறதுக்கு ஃப்ரீபிஎஸ்டி ரொம்ப மெனக்கெடும், தலைகீழா ஓடறதுக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க. அதாவது பத்து வருஷமா அந்தப் பெட்டியிலேயே உருப்படாத ஒரே கெர்னல் அதுதான். அதுக்குக் காவல் போட்டுட்டு, அப்போ ஓடிக்கிட்டிருந்த கெர்னலை நானே கையால அழிச்சிருக்கேன்.

ஏன்னா இன்ஸ்டால்கெர்னல் செய்யறது இதுதான்: முதல்ல பழைய கெர்னல்.ஓல்டை அழிக்கும். அப்புறம் இப்போ இருக்கிற கெர்னல் டைரக்டரியை அப்படியே கெர்னல்.ஓல்ட்னு பேர் மாத்தும். அப்புறம்தான் புதுசைக் காப்பி பண்ண ஆரம்பிக்கும். காப்பி பாதியில நின்னா, அந்த நிமிஷத்துல 'ஓல்ட்'னு இருக்கிறது போன வருஷத்துது இல்ல, இப்போ மெமரியில ஓடிக்கிட்டிருக்கிறது. 'கெர்னல்'னு இருக்கிறது பாதி வெந்த புதுசு. அழிக்கிறதுன்னா இந்தப் பாதி வெந்ததைத்தான் அழிக்கணும். ஓடற கெர்னலோட ஃபைலை அழிச்சாலும் மெஷின் பாட்டுக்கு ஓடும், அது ஏற்கெனவே மெமரியில இருக்கே. அதனால ஒரு எச்சரிக்கையும் வராது. ரீபூட் பண்ற வரைக்கும் நீங்க ராஜா.

இன்னும் ஒரு விஷயம், இதைப் பின்னாடி மேக்ஃபைலைத் திறந்து படிச்சப்போ எனக்கு வெக்கமாவே இருந்தது. இன்ஸ்டால்கெர்னல் பேர் மாத்தும்போது, ஓடற கெர்னல் இப்போ கெர்னல்.ஓல்ட்ல இருக்குன்னு கெர்ன்.பூட்ஃபைல்ங்கிற சிஸ்சிடிஎல்லையும் மாத்தி வைக்குது. ரெண்டாவது தடவை இன்ஸ்டால்கெர்னல் அடிச்சா அதைப் பார்க்கும். "ஓ, ஓடறவர் அந்தப் பக்கம் இருக்காரா"ன்னு புரிஞ்சுக்கிட்டு கெர்னல்.ஓல்டைத் தொடாம, பாதியில நின்ன புதுசை மட்டும் தானே அழிச்சிட்டு மறுபடி போடும். யாரோ எப்பவோ இதையெல்லாம் யோசிச்சு எழுதி வச்சிருக்காங்க. அந்த ஸ்கிரிப்டுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்ல. அன்னிலேர்ந்து /பூட் பக்கம் ஆர்எம் அடிக்கிறதுக்கு முன்னாடி 'சிஸ்சிடிஎல் கெர்ன்.பூட்ஃபைல்'னு ஒரு வரி அடிச்சுப் பார்க்கிறது கை தானாப் பண்ணுது.

கதையை முடிச்சிடறேன். பென் டிரைவ்ல 12.2 இமேஜ் எழுதி எடுத்துக்கிட்டு ரயிலைப் பிடிச்சு திருப்பூர் போய்ச் சேர மதியம் ரெண்டு தாண்டிடுச்சு. லைவ் ஷெல்ல ஏறி, ரூட்டை மவுண்ட் பண்ணி, கெர்னல்.குட்டுக்கு ஒரு கும்பிடு போட்டு அழிச்சு, பென் டிரைவ்ல இருந்த ஜெனரிக் கெர்னலை அப்படியே காப்பி பண்ணி, பூட். இருபத்தஞ்சு நிமிஷ வேலை. ஆல்ட்க்யூ மட்டும் அன்னிக்கு இல்ல.

ஆனா அன்னிக்கு சனிக்கிழமை. திருப்பூர்ல சனிக்கிழமைன்னா வாரச் சம்பளம். காலையில ஆரம்பிக்க வேண்டிய பீஸ் ரேட் கணக்கை மூணு மணிக்கு ஆரம்பிச்சாங்க. ஆறு மணிக்கு வாங்கிட்டு சந்தைக்குப் போக வேண்டியவங்க எட்டரை மணி வரைக்கும் படிக்கட்டுல உக்காந்திருந்தாங்க. ஒரு அக்கா மடியில தூங்கற குழந்தையோட. என்னைப் பார்த்து, "மெட்ராஸ்ல இருந்து இதுக்குன்னே வந்தீங்களா தம்பி? கம்ப்யூட்டர் சரியாயிருச்சுங்களா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் எனக்கு டீ சொன்னாங்க. அதைக் கெடுத்ததே நான்தான்னு சொல்ல வாய் வரலை. டீயை வாங்கிக் குடிச்சேன்.

சரி, சோகம் போதும். அந்த ரூட்டோட கணக்கைப் பார்ப்போம். 512-ல உபயோகத்துக்குக் கிடைச்சது 496 எம்பி. /ரெஸ்க்யூ, /லிப், /எஸ்பின்னு அடிப்படைச் சாமான் தோராயமா 70. 11-ஓட கெர்னல் டைரக்டரி 95. கெர்னல்.குட் மட்டும் 210! ஏன் அவ்ளோ? 8, 9, 10 வரிசைகள்ல டீபக் சிம்பல் ஃபைல்கள் /பூட்/கெர்னலுக்குள்ளயே வந்து விழும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் பக்கத்துல அதோட சிம்பல் ஃபைல், மாட்யூலை விடக் குண்டா. 2016-ல 11.0 வந்தப்போதான் இதை /யூஎஸ்ஆர்/லிப்/டீபக் பக்கம் மாத்தினாங்க. அதனால பழைய மெஷின்ல கண்ணு முதல்ல போக வேண்டியது சிம்பல் ஃபைல் பக்கம்தான். நீங்க கெர்னல் டெவலப்பரா, கிராஷ் டம்ப்பை கேஜிடிபில வச்சு அலசறவரா? இல்லன்னா அது உங்களுக்கு வேண்டாத சுமை. எஸ்ஆர்சி.கான்ஃப்ல 'வித்தவுட் கெர்னல் சிம்பல்ஸ்' போட்டுட்டா இன்ஸ்டால் ஆகாது. அது இன்ஸ்டால் நேரத்துல மட்டும் வேலை செய்யற ஆப்ஷன், பில்டைப் பாதிக்காது. அதனால இடம் பத்தாம நின்னதுக்கு அப்புறம் போட்டாலும் மறுபடி முதல்ல இருந்து கட்ட வேண்டியதில்ல.

அடுத்தது மாட்யூல்கள். கெர்னல்.ஓல்டை வச்சுக்கோங்கன்னு நான் சொல்றது முழு டைரக்டரியையும் இல்ல. உள்ள 'கெர்னல்'னு ஒரு ஃபைல் இருக்கே, உயிர் அதுலதான். அந்த ஒரு ஃபைல் முப்பது எம்பிக்குள்ள இருக்கும், மிச்சம் எல்லாம் மாட்யூல். யூஎஃப்எஸ் ரூட், டிஸ்க் டிரைவர் கெர்னலுக்குள்ளயே இருக்குன்னா, கெர்னல்.ஓல்ட்ல அந்த ஒரு ஃபைல் போதும், ஏறி உக்காந்துடலாம். இசட்எஃப்எஸ் ரூட்டா இருந்தா அதோட மாட்யூலும் வேணும், லோடர்.கான்ஃபைப் பார்த்தா எது எதுன்னு தெரியும். மத்ததை எல்லாம் அந்த டைரக்டரியில இருந்து தாராளமா அழிங்க. அதுவும் பத்தலையா, அந்தக் கெர்னலை ஜிஜிப் பண்ணி வைங்க, லோடருக்கு அதைப் பிரிச்சுப் படிக்கத் தெரியும். பாதிக்கும் கீழ சுருங்கிடும். அன்னிக்கு ராத்திரி நான் இதை மட்டும் செஞ்சிருந்தா அறுபது எம்பிக்கு மேல கிடைச்சிருக்கும். எனக்குத் தேவைப்பட்டது அஞ்சோ பத்தோ.

இதுக்கெல்லாம் முன்னாடி ரூட்ல வேற என்ன குப்பை கெடக்குன்னு 'டியூ -எக்ஸ்' போட்டுப் பாருங்க. எக்ஸ் போட்டா அடுத்த ஃபைல் சிஸ்டத்துக்குள்ள போகாது. பாதி நேரம் குற்றவாளி, மவுண்ட் ஆகாத பேக்கப் டிஸ்க்கோட டைரக்டரிக்குள்ள பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதித் தள்ளினதா இருக்கும். அப்புறம் அந்த டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்தக் குப்பை கீழ மறைஞ்சிடும், டியூவுக்கே தெரியாது. டிஎஃப் ஒண்ணு சொல்லும், டியூ ஒண்ணு சொல்லும், நீங்க மண்டையை உடைச்சுக்கணும். அன்மவுண்ட் பண்ணிப் பார்த்தாத்தான் வெளிய வரும்.

சில பேர் புத்திசாலித்தனமா கெர்னல்.ஓல்டை /யூஎஸ்ஆர்க்கு நகர்த்திட்டு ஒரு சிம்லிங்க் போட்டு வைப்பாங்க. எல்எஸ்ல அழகாத் தெரியும். பூட் நேரத்துல லோடர் ரூட்டை மட்டும்தான் பார்க்கும், /யூஎஸ்ஆர் அப்போ மவுண்டே ஆகலை. லிங்க் அந்தரத்துல தொங்கும். வெளிய டார் போட்டு வைக்கிறது நல்லதுதான், ஆனா அதை எடுத்து வைக்க நீங்க பென் டிரைவோட நேர்ல போகணும். எனக்கு நடந்த மாதிரி. டியூன்எஃப்எஸ் போட்டு அந்த 8 சதவீதத்தைக் குறைக்கிறதும் இதே ரகம்தான், பர்ஸ் ஓட்டையை அடைக்காம சம்பள உயர்வு கேக்கிறது. சாஃப்ட் அப்டேட்ஸ் ஆன்ல இருந்தா அழிச்ச இடம் உடனே கணக்குல வராமலும் போகலாம், சிங்க் அடிச்சுட்டு அரை நிமிஷம் பொறுங்க. பொறுக்காம அடுத்ததை அழிக்கப் போனாத்தான் விபத்து.

என் கையில இப்போ இருக்கிற பழக்கம் வேற. சந்தேகமான கெர்னலை /பூட்/கெர்னல்ல போடறதே இல்ல. இன்ஸ்டால் பண்ணும்போது கேஓடிஐஆர்ல வேற டைரக்டரி பேர் குடுத்து, 'நெக்ஸ்ட்பூட் -கே' போட்டு ஒரே ஒரு தடவைக்கு மட்டும் அதுல பூட் ஆகச் சொல்லுவேன். புதுசு சொதப்பினா? அங்க இருக்கிறவங்களை பவர் பட்டனை அழுத்தி மறுபடி ஆன் பண்ணச் சொன்னாப் போதும், பழைய கெர்னல்ல எழுந்துடும். அக்கவுண்டண்டை எம், ஓ, யூ படிக்கச் சொல்ல வேண்டியதில்ல.

"எதுக்கு இவ்ளோ பில்டப்பு, டிஸ்க் சும்மா கெடைக்குது, ஒரே பார்ட்டிஷன் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு கேக்கிறவங்களுக்கு: புது மெஷின்னா நானும் அதைத்தான் செய்வேன். இன்னும் சொல்லப் போனா இசட்எஃப்எஸ் போட்டு, 2018 டிசம்பர்ல 12.0-ஓட வந்த பிஈசிடிஎல்லை வச்சு, அப்கிரேடுக்கு முன்னாடி பூட் என்விரான்மென்ட் ஒண்ணு எடுத்து வச்சுக்குவேன். கெர்னல் மட்டுமில்ல, மொத்த சிஸ்டமும் பழைய நிலைக்குப் போகும். ஆனா பாருங்க, இடம் பெருசானதும் நாம செஞ்சது என்ன? பழசைப் பத்திரமா வச்சுக்கிற வசதியைப் பெருசாக்கிக்கிட்டோம். பழசு தேவையில்லன்னு யாரும் சொல்லலை.

எதிர்ப்பக்கம் பாருங்க. ஃப்ரீபிஎஸ்டி சோர்ஸ்லயே நானோபிஎஸ்டின்னு ஒண்ணு இருக்கு. குட்டி ஃப்ளாஷ் கார்டுல ரவுட்டர், ஃபயர்வால் போடறவங்களுக்கு. அங்க இடத்துக்கு அப்படி ஒரு பஞ்சம். இருந்தும் சிஸ்டம் இமேஜுக்கு ரெண்டு பார்ட்டிஷன் ஒதுக்கறாங்க, ஒண்ணு ஓடும், இன்னொண்ணுல புதுசு எழுதுவாங்க, சொதப்பினா திரும்பிப் போகலாம். கையில இருக்கிற கொஞ்சூண்டு இடத்துல பாதியைத் திரும்பி வர்ற வழிக்குன்னு செலவழிக்கிறாங்க. ஆண்ட்ராய்டுல 2016-ல 7.0-ஓட வந்த ஏ/பி அப்டேட்டும் இதே ஐடியாதான். லினக்ஸ்காரங்களே, ஃபெடோராவோட டிஎன்எஃப் மூணு கெர்னல் வச்சுக்கிறதும், உபுண்டுல ஆட்டோரிமூவ் ஓடிக்கிட்டிருக்கிற கெர்னலைத் தொடாம விடறதும் இதுக்குத்தான். உங்க /பூட் நிறைஞ்சப்போ டிபிகேஜியைத் தூக்கி எறிஞ்சிட்டு உள்ள போய் விஎம்லினஸ் ஃபைலைக் கையால அழிக்கிற ஆளுங்களைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும். அந்த ஆள் நான்தானே.

பேர்லதான் கோளாறுன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு ஆதங்கம். 'ஓல்ட்'னு வைக்காம 'கடைசியா வேலை செஞ்சது'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர் வச்சிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. நம்ம ஊர்ல பழையதுன்னாலே மரியாதை, காலையில வயித்தைக் காப்பாத்தறதே அதுதான். கம்ப்யூட்டர்ல மட்டும் பழசுன்னா குப்பைன்னு கை பரபரங்குது.

அந்த ஜூனியர் பையன் கெர்னல்.ஓல்டை அழிக்கலை. அவன் மெஷின்லயும் ஒரு கெர்னல்.டெஸ்ட், ஒரு கெர்னல்.பேக்கப், ஒரு கெர்னல்.நியூ2 எல்லாம் இருந்தது. எதுக்குன்னு கேட்டா முழிக்கிறான்.

திருப்பூர்ல இருந்து திரும்பி வந்த அடுத்த வாரம் சீனியருக்குப் போன் போட்டு முழுக் கதையும் சொன்னேன். சிரிச்சார். "அந்த கெர்னல்.குட் எதுக்குண்ணே வச்சிருந்தீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"அது நான் வச்சதுதானாடா?"